பத்து நாழிகைப் பிள்ளை செய்த பாவம் என்ன?

பிறந்து பத்து நாழிகை, அதாவது நாலு மணி நேரமே ஆன ஒரு பச்சைக் குழந்தை மூச்சு விட மாட்டாமல், உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து செத்துப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே நம் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள்? குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன கோளாறு இருந்தது என்று கேட்கிறார்களா? கிடையாது. என்ன நட்சத்திரத்தில் பிறந்தது, கிரகணத்தன்று தாய் வெளியில் தலைகாட்டினாளா, குலதெய்வத்துக்கு நேர்ந்த கடன் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "அதற்கு ஆயுசு அவ்வளவுதான், சித்திரகுப்தன் கணக்கு முடிந்துவிட்டது" என்று பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டு, குழியை மூடிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். குழியோடு காரணமும் மூடப்பட்டுவிடுகிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சித்திரகுப்தனை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெல்லுக்காரத் தெருவில் அவருக்கென்று தனிக் கோவிலே இருக்கிறது. கையில் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்து, உலகத்திலுள்ள சகல ஜீவன்களின் பாவ புண்ணியங்களையும் எழுதி எமனிடம் ஒப்புவிக்கும் கணக்குப்பிள்ளை அவர் என்கிறார்கள். சித்திரா பௌர்ணமியன்று அங்கே கூட்டம் கூடுகிறது. கேது தோஷத்துக்கும் அதுவே பரிகாரத் தலம் என்கிறார்கள். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கண்ணைக்கூட முழுதாகத் திறக்காத, ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்காத குழந்தையின் பேரில் அந்த ஏட்டில் என்ன குற்றம் எழுதப்பட்டிருக்கிறது?

"முற்பிறப்பில் செய்தது" என்பார்கள். குற்றம் இன்னதென்று குற்றவாளிக்கே தெரியாமல், விசாரணையில்லாமல், சாட்சியில்லாமல் மரண தண்டனை கொடுக்கிற ஒரு கோர்ட்டு இந்தப் பூமியில் இருந்தால் அதை நாம் ஒரு நாளாவது பொறுத்துக்கொண்டிருப்போமா? மனிதன் நடத்தினால் கொடுங்கோன்மை, கடவுள் நடத்தினால் நீதி என்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

நிற்க. இப்படிக் கேட்டுவிட்டு வெறும் கையோடு போவது நம் உத்தேசமல்ல. சித்திரகுப்தன் கணக்கு பொய் என்று சொல்லுகிறவர்கள் மெய்யான கணக்கு எது என்று காட்டக் கடமைப்பட்டவர்கள். ஆகவே, இப்படிப் பிறந்த சில நாழிகைக்குள் குழந்தைகளைக் கொண்டுபோகும் வியாதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் குழந்தை ஏன் சாகிறது, எந்தெந்தக் காரணத்தால் சாகிறது என்பதை விளக்க முன்வருகிறோம். வாசகர்கள் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

வியாதி இன்னதென்பது

டாக்டர்கள் இதைப் "பிறவி உதரவிதானக் குடலிறக்கம்" என்கிறார்கள். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மண்டபத்தில் தலைக்கு மேல் கட்டுகிற மேற்கட்டி. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவில், வயிற்றுக்கு மேற்கட்டி போல விரிந்திருக்கும் தசைத் தடுப்புக்கு உதரவிதானம் என்று பெயர். நாம் மூச்சு இழுப்பதும் முக்கியமாக அதனால்தான்.

இந்தத் தடுப்பு ஒரே துண்டாக உண்டாவதில்லை. கர்ப்பத்தில் நாலாவது வாரம் தொடங்கி, தனித்தனி மடிப்புகளாகப் பல பக்கங்களிலிருந்து வளர்ந்து வந்து, ஏறக்குறைய பத்தாவது வாரத்துக்குள் ஒன்றோடொன்று கூடி மூடிக்கொள்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளத் தோழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக மூன்று நாடா ஓட்டி நெய்து, இரண்டையும் ஊடையால் பின்னி ஒன்றாக்குகிறோமே, அந்தக் கோர்வை போன்றதுதான் இதுவும். கோர்வை விட்டுப்போன சேலையில் உடலுக்கும் கரைக்கும் நடுவே கிழிசல் தெரியும். அதைப் போலவே, மடிப்புகள் கூடாமல் விட்டுப்போன இடத்தில் உதரவிதானத்தில் ஓட்டை நின்றுவிடுகிறது. நூறு குழந்தைகளில் 80 முதல் 85 வரை இடது பக்கத்திலும், ஏறக்குறைய 15 வலது பக்கத்திலும், ஒன்றிரண்டு இரண்டு பக்கத்திலும் இந்த ஓட்டை ஏற்படுகிறது.

அந்த ஓட்டை வழியாகக் குடலும், இரைப்பையும், சில சமயம் ஈரலும் நெஞ்சறைக்குள் புகுந்துகொள்கின்றன. "குடலிறக்கம்" என்று பெயர் வைத்தார்களே ஒழிய, உண்மையில் இது குடலேற்றம். 2500 முதல் 3500 பிரசவங்களுக்கு ஒரு குழந்தை வீதம் இப்படிப் பிறக்கிறது. நம் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொண்டால், கணக்கு ஏறக்குறைய 300 குழந்தைகளுக்கு வருகிறது. தினம் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அபூர்வ வியாதி என்று தள்ளிவிடக்கூடிய தொகையல்ல இது.

குழந்தை எதனால் சாகிறது?

ஓட்டை இருப்பதால் சாகிறது என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். ஓட்டையைத் தைத்து மூடிய பிறகும் குழந்தைகள் செத்திருக்கின்றன. காரணங்களைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, நுரையீரல் வளர்ச்சிக் குறைவு. நெஞ்சறை ஒரு சிறு வீடு. நுரையீரல் குடியிருக்க வேண்டிய அறையில் குடலும் ஈரலும் வந்து உட்கார்ந்துகொண்டால் அது எங்கே வளரும்? மூச்சுக் குழாய் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து செல்லும் வேலை கர்ப்பத்தின் 16-வது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் இடமும் வளர்ச்சியும் இல்லாமல் போனால் கிளைகள் குறைந்துவிடுகின்றன. ஓட்டையுள்ள பக்கத்து நுரையீரல் மிகவும் சிறுத்திருக்கும்; இருதயம் தள்ளப்படுவதால் மறுபக்கத்து நுரையீரலும் முழு வளர்ச்சி பெறுவதில்லை.

இரண்டாவது, நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தம். தாய் வயிற்றில் இருக்கும் வரை குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. நுரையீரலுக்கு அங்கே அதிக வேலையில்லை. ஆகையால் இந்தக் குறையுள்ள குழந்தையும் உள்ளே இருக்கும் வரை சுகமாகவே இருக்கும். வெளியில் வந்து கொடியை அறுத்தவுடன், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் திறந்துகொண்டு இரத்தத்தை ஏற்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கோ அந்தக் குழாய்கள் எண்ணிக்கையிலும் குறைவு, சுவரும் தடிப்பு. அவை இறுகி மூடிக்கொள்ளும். இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் பழைய கர்ப்பகாலத்துக் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும். குழந்தை நீலம் பாய்வது இதனால்தான். இருதயம் மூடிய கதவை முட்டி முட்டிக் களைத்துப் போகும். இந்த இரண்டு காரணங்களாலும் ஏற்படும் சாவே மற்றெல்லாவற்றையும்விட அதிகம்.

மூன்றாவது, கூடப் பிறந்த மற்றக் கோளாறுகள். இக்குழந்தைகளில் ஒரு பெரும் பகுதிக்கு இருதயத்திலோ வேறு உறுப்பிலோ இன்னொரு குறையும் இருக்கிறது. சிலருக்கு 18-வது, 13-வது குரோமோசோம்கள் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது போன்ற அடிப்படைக் குறை இருக்கிறது. அவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

நாலாவது, குறைமாதப் பிறப்பு, கிருமி பரவுதல், இரத்தக் கசிவு ஆகியவை. பிழைத்து வீட்டுக்குப் போன குழந்தைகளிலும் சிலருக்குத் தைத்த இடம் மறுபடி விட்டுப்போவது, குடல் முறுக்கிக்கொண்டு அடைப்பது, நாள்பட்ட சுவாச நோய், எடை ஏறாமல் போவது முதலிய தொந்தரவுகள் வருகின்றன. தொடர்ந்து கவனிக்காவிட்டால் அவையும் உயிரை வாங்கும்.

ஐந்தாவது காரணம் குழந்தையின் உடம்பில் இல்லை. நம் கையில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

கிரகணமும் எலியும்

இத்தனை காரணங்களில் ராகு எங்கே வந்தான், கேது எங்கே வந்தான் என்று பாருங்கள். கர்ப்ப ஸ்திரீ கிரகணம் பார்த்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று நம் வீடுகளில் அவளை இருட்டறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். ஒரு கிரகணம் தெரிந்தால் ஜில்லா முழுவதுக்கும் தெரிகிறது. அன்றைக்கு அந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். மூவாயிரத்தில் ஒருத்தியை மட்டும் கேது எப்படிப் பொறுக்கி எடுத்தான்? கேதுவின் பெயரையே கேட்டிராத ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே விகிதத்தில் இந்தக் குழந்தைகள் பிறக்கிறார்களே, அங்கே யார் போய் இந்த வேலையைச் செய்தது? அது மாத்திரமா? உதரவிதானம் மூடவேண்டிய காலம் மூன்றாம் மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் நிச்சயமாகத் தெரிகிறது. ஏழாம் மாதத்தில் கிரகணம் பார்த்ததால், மூன்றாம் மாதத்தில் முடிந்துபோன வேலை எப்படிக் கெடும்? நெய்து மடித்துப் பெட்டியில் வைத்த சேலையில், நாலு மாதம் கழித்துத் தறியைத் தொட்டதால் கோர்வை விட்டுப்போயிற்று என்று எந்த நெசவாளியாவது ஒப்புக்கொள்வாரா?

முன்வினை என்போருக்கு ஒரு எலிக் கதை சொல்லுகிறோம். கதையல்ல, நடந்த பரீட்சை. நைட்ரோஃபென் என்று ஒரு களைக்கொல்லி. அதைச் சினையான எலிக்குக் குறிப்பிட்ட நாளில் கொடுத்தால், அதன் குட்டிகளில் பலவற்றுக்கு இதே ஓட்டை, இதே சிறுத்த நுரையீரல் உண்டாகிறது. பல வருஷங்களாக இந்த வியாதியை ஆராய விஞ்ஞானிகள் பயன்படுத்தும் முறை இது. மனிதக் குழந்தைகளுக்கும் இந்த மருந்தால்தான் வருகிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த எலிக்குட்டிகள் முற்பிறப்பில் எந்தக் கோவில் சொத்தைத் தின்றன என்று மட்டும் யாராவது நமக்குச் சொல்லட்டும்.

"அப்படியானால் மனிதக் குழந்தைக்கு ஏன் வருகிறது? உங்கள் விஞ்ஞானம் சொல்லட்டுமே" என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளில் குரோமோசோமிலோ ஜீனிலோ உள்ள மாறுதல் காரணம் என்று கண்டுபிடிக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு ஏன் என்பது இன்னும் தெரியவில்லை என்று விஞ்ஞானம் நேர்மையாக ஒப்புக்கொள்ளுகிறது, ஒப்புக்கொண்டுவிட்டுத் தேடுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவனுக்கும், தெரியவில்லை என்று சொல்லி இராப்பகலாகத் தேடுகிறவனுக்கும் உள்ள யோக்கியதை வித்தியாசத்தை வாசகர்களே நிறுத்துப் பார்க்கட்டும்.

பரிகாரம் பலிக்கும் சூக்ஷுமம்

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த தாயை ஜோசியரிடம் கூட்டிப் போகிறார்கள். அவர் தோஷம் என்கிறார். பரிகாரம் எழுதித் தருகிறார். அடுத்த பிள்ளை சுகமாகப் பிறக்கிறது. "பார்த்தீர்களா, பரிகாரம் பலித்துவிட்டது" என்று தெருவெல்லாம் பேச்சு. இதிலுள்ள சூக்ஷுமத்தை உடைத்துச் சொல்லுகிறோம். வேறு குறையில்லாமல் இந்த ஓட்டை மட்டும் தனியாக வந்த குடும்பத்தில், அடுத்த குழந்தைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான். அதாவது, பரிகாரம் செய்தாலும் செய்யாவிட்டாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு குழந்தைகளுக்கு இந்த வியாதி வராது. சூரியன் உதிப்பதற்குப் பணம் வாங்கிக்கொண்டு பூஜை செய்கிறவனுக்கு என்றைக்காவது பூஜை பொய்த்துப்போகுமா? அந்த நூற்றில் இரண்டு பேருக்குத் திரும்பவும் வந்துவிட்டால், "சிரத்தையில்லாமல் செய்தாய்" என்று பழி மறுபடியும் அந்தத் தாயின் தலையிலேயே விழுகிறது. ஜெயித்தால் ஜோசியர், தோற்றால் தாய்! இப்படி ஒரு வியாபாரம் பட்டுக் கடையில் நடந்தால் போலீஸுக்குப் போகமாட்டோமா?

"துக்கத்தில் இருக்கிறவளுக்கு மதம் ஓர் ஆறுதல் அல்லவா? அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று இரக்கத்தோடு கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்லுகிறோம்: "நீ பாவி, அதனால் பிள்ளை செத்தது" என்று சொல்லுவதா ஆறுதல்? "ராசியில்லாதவள்" என்று மாமியார் வீட்டில் சோறு போடும்போதெல்லாம் இடிப்பதா ஆறுதல்? பால் கட்டிய மார்போடு படுத்திருக்கிறவளிடம் போய், "நீ தின்றதாலும் அல்ல, நடந்ததாலும் அல்ல, பார்த்ததாலும் அல்ல, நீ கர்ப்பம் என்று உனக்கே சரியாகத் தெரியாத நாளில், உள்ளே ஒரு மடிப்பு கூடாமல் விட்டுப்போயிற்று, உன் பேரில் யாதொரு குற்றமும் இல்லை" என்று சொல்லுங்கள். இதைவிட மேலான ஆறுதல் எந்தப் புராணத்தில் இருக்கிறது? இந்த ஆறுதலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இது உண்மை.

நாற்பது வருஷத்துக் கணக்கு

காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதரை 1979-ல் வெளியே எடுத்தார்கள். பிறகு 2019-ல், ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் வெளியே வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் வந்து போனதாகக் கணக்கு. வந்து போகிறவர்களைப் பற்றி நமக்குப் புகாரில்லை. அவர் தண்ணீருக்குள் படுத்திருந்த அந்த நாற்பது வருஷத்தில் வெளியே என்ன நடந்தது என்பதை மட்டும் பார்ப்போம்.

கொஞ்சம் முன்னாலிருந்து வருவோம். 1848-ல் பிராக் நகரத்து உடற்கூறு ஆசிரியர் போஹ்டாலெக் இந்த ஓட்டையைப் பற்றி எழுதினார். பின்பக்கத்து ஓட்டைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. நூறு வருஷம் வரை அதைத் தெரிந்துகொண்டதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1946-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ராபர்ட் கிராஸ் என்ற ரண சிகிச்சை நிபுணர், பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்குச் சிகிச்சை செய்து பிழைக்கவைத்ததை வெளியிட்டார். அதிலிருந்து, "குடல் நெஞ்சை அழுத்துகிறது, உடனே இறக்கினால் பிழைக்கும்" என்று எண்ணி, பிறந்த நாழிகையிலேயே கத்தியை எடுப்பது வழக்கமாயிற்று. 1979-ல் வரதர் குளத்துக்குத் திரும்பியபோதும் வழக்கம் அதுதான். ஆனால் அவசரமாக அறுத்த குழந்தைகள் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு செத்தன.

டாக்டர்கள் என்ன செய்தார்கள்? "எங்கள் சாஸ்திரம் தப்பாது, குழந்தையின் தலையெழுத்துதான் தப்பு" என்றார்களா? இல்லை. தங்கள் வழக்கத்தையே சந்தேகித்தார்கள். கொல்லுவது குடலின் அழுத்தம் மட்டுமல்ல, வளராத நுரையீரலும் இறுகிய இரத்தக் குழாயும்தான் என்று கண்டார்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து, முதலில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்துவது, பிறகே தைப்பது என்று முறையை மாற்றினார்கள். வெண்டிலேட்டர் யந்திரத்தால் பலமாகக் காற்றை அடித்ததே சிறு நுரையீரலைக் கிழித்துக் கொன்றது என்பதையும் கண்டு, மெதுவாகச் சுவாசம் கொடுக்கக் கற்றார்கள். நைட்ரிக் ஆக்சைடு வாயு இக்குழந்தைகளையும் காப்பாற்றும் என்று நம்பினார்கள். 1997-ல் வெளியான பரீட்சையில் அது சாவைக் குறைக்கவில்லை என்று தெரிந்ததும் அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். 2021-ல் வெளியான இன்னொரு பரீட்சையில், இடது பக்கத்து ஓட்டையோடு நுரையீரல் மிகமிகச் சிறுத்த குழந்தைகளுக்குத் தாய் வயிற்றில் இருக்கும்போதே மூச்சுக் குழாயில் ஒரு சிறு பலூனை வைத்து எடுத்ததில், நூற்றுக்கு 15 பிழைத்த இடத்தில் 40 பிழைத்தன. குறைப்பிரசவம் அதிகமாகிறது என்ற கெடுதலையும் அதே கட்டுரையில் எழுதினார்கள்.

பலன் என்ன? நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில், உயிரோடு பிறந்து சேரும் இக்குழந்தைகளில் இன்று பத்துக்கு ஏழு பிழைக்கின்றன. "அப்படியும் மூன்று சாகிறதே" என்பார்கள். ஆம், சாகிறது, நாம் மறைக்கவில்லை. அந்த மூன்றையும் ஏன் காப்பாற்ற முடியவில்லை என்றே இன்றைக்கும் டாக்டர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது வருஷம் தண்ணீரில் இருந்து வந்தவர் போனபோது எப்படியோ அப்படியே வந்தார். அதே நாற்பது வருஷத்தில் மனிதன் தன் தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் குழந்தைகளை எமன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறான். இதில் எது வணங்கத்தக்கது?

ஐந்தாவது காரணம்

இனி நாம் மீதி வைத்த காரணத்துக்கு வருவோம். 2021-ல் லான்செட் பத்திரிகை ஒரு பெரிய கணக்கை வெளியிட்டது. 74 நாடுகளில் 264 ஆஸ்பத்திரிகளில், இந்த வியாதி உள்பட ஏழுவிதப் பிறவிக் கோளாறுகளோடு வந்த 3,849 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 5.6 குழந்தைகள் செத்தன. நடுத்தர நாடுகளில் 20.4. ஏழை நாடுகளில் 39.8. கர்ம பலன்காரர்களைக் கேட்கிறோம்: முற்பிறப்பில் பாவம் செய்தவர்களெல்லாம் ஏழை நாடுகளாகப் பார்த்துத்தான் பிறக்கிறார்களா? அல்லது, வறுமையும் தூரமும் அசட்டையும்தான் அந்தப் பாவமா?

தூரம் என்றால் என்ன என்று பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். மூச்சு முட்டும் குழந்தைக்கு அது ஒரு யுகம். பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, பிறப்பதற்கு முன்பே தாயை அங்கே சேர்த்துவிட்டால் எவ்வளவு நல்லது? இந்தக் குழந்தைக்குத் தாயின் கர்ப்பப்பையைவிட மேலான ஆம்புலன்ஸ் கிடையாது. அதற்கு முன்கூட்டித் தெரியவேண்டும். 18 முதல் 20-வது வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில், இருதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பை தெரிவதை வைத்துப் பலருக்கு இதைக் கண்டுபிடித்துவிடலாம். "நாள் நன்றாயில்லை, ஆடி முடியட்டும்" என்று அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வீடும் சித்திரகுப்தனுக்குக் குமாஸ்தா வேலை பார்க்கிறது.

கண்டுபிடித்த பின் என்ன செய்வதென்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அந்தத் தாய். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, கருவுக்குப் பெரும் குறை இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் 24 வாரத்துக்குப் பின்னும் கருவைக் கலைக்க இடமிருக்கிறது. வைத்துப் பெற்றுச் சிகிச்சை செய்யவும் வழியிருக்கிறது. எதுவானாலும் டாக்டர் சொல்லும் உண்மையைக் கேட்டு அவள் முடிவு செய்யட்டும். மாமியாரும் பஞ்சாங்கமும் முடிவு செய்ய வேண்டாம்.

தெரியாமலே பிறந்துவிட்டாலும் அறிகுறிகள் உண்டு. குழந்தை மூச்சுக்குத் திணறும், நீலம் பாயும், வயிறு படகுபோல் குழிந்திருக்கும், இருதயத் துடிப்பு இடது பக்கத்துக்குப் பதில் வலது பக்கத்தில் கேட்கும். அப்போது முகத்தில் மூடியை வைத்துப் பலூனை அமுக்கிக் காற்றடித்தால், அந்தக் காற்று இரைப்பைக்கும் குடலுக்கும் போய், நெஞ்சுக்குள்ளிருக்கும் குடல் ஊதி, இருக்கிற நுரையீரலையும் நசுக்கிவிடும். மூச்சுக் குழாய்க்குள் நேராகக் குழாய் செலுத்தவேண்டும். இரைப்பைக்குள் ஒரு குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றவேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம். இதைப் பிரசவ அறையிலுள்ள ஒவ்வொரு டாக்டருக்கும் நர்ஸுக்கும் திரும்பத் திரும்பப் பழக்கிவைப்பது சர்க்காரின் பொறுப்பு.

சர்க்காரையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. 2013-ல் இந்திய சர்க்கார் குழந்தைகளின் பிறவிக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ராஷ்டிரீய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் தொடக்கத்தில் குறிக்கப்பட்ட பிறவிக் குறைகள் 9. பிளந்த உதடு உண்டு, வளைந்த பாதம் உண்டு, இருதயக் குறை உண்டு. உதரவிதான ஓட்டை இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் பிழைத்து நிற்கும் குழந்தையைத் தேடிப்போகும் திட்டத்தின் கண்ணுக்கு, பத்து நாழிகையில் போய்விடும் குழந்தை படுவதில்லை. 2020-ம் வருஷக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் சாகிறவை 13. இந்தியா முழுவதுக்கும் 28. பெருமைப்பட வேண்டிய வித்தியாசம். ஆனால் பேதியாலும் காய்ச்சலாலும் சாவது குறையக் குறைய, மிச்சமிருக்கும் சாவில் பிறவிக் குறைகளின் பங்கு கூடிக்கொண்டே போகும். அடுத்த சண்டை அங்கேதான்.

சண்டைக்குக் கணக்கு வேண்டும். வழியில் சாகும் குழந்தை பெரிய ஆஸ்பத்திரியின் கணக்கில் வருவதில்லை. செத்துப் பிறந்ததும் வருவதில்லை. ஆகையால் அந்த ஆஸ்பத்திரியின் வெற்றி விகிதம் பார்ப்பதற்கு அழகாயிருக்கும். இதை மறைந்திருக்கும் சாவு என்று 1978-லேயே டாக்டர்கள் எடுத்துக்காட்டினார்கள். 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு சாவும் 21 நாளைக்குள் பதிவாக வேண்டும். சாவின் காரணத்தை எழுதும் படிவத்திலேயே, எந்த வியாதியால் செத்தது என்று எழுது, இருதயம் நின்றது என்பதுபோல் செத்த விதத்தை எழுதாதே என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியிருக்க, "மூச்சுத் திணறல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதற்கும் "ஆயுசு முடிந்தது" என்பதற்கும் என்ன பேதம்? சாகிற எல்லோருக்கும் மூச்சு நின்றுதான் போகிறது! உதரவிதான ஓட்டைக்கு உலகம் முழுவதும் வழங்கும் பட்டியலில் க்யூ 79.0 என்று தனி எண்ணே இருக்கிறது. அந்த எண் ஏட்டில் ஏறினால்தான் எத்தனை குழந்தை, எந்த ஊர், எங்கே படுக்கை வேண்டும், எங்கே நிபுணர் வேண்டும் என்று சர்க்காரைக் கழுத்தைப் பிடித்துக் கேட்க முடியும்.

தோழர்கள் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் கர்ப்பமாயிருக்கும் பெண் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் ஸ்கேன் எடுத்தாளா என்று கேளுங்கள்; தறிக்கூலி போகுமே என்று வீட்டார் தயங்கினால் ஒரு நாள் கூடப் போங்கள். குறை தெரிந்தால், ரண சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குழந்தை செத்துப்போனால், இழவு வீட்டில் வாய் திறந்து, தாயின் பேரில் குற்றமில்லை என்று பத்துப் பேர் காதில் விழச் சொல்லுங்கள். பதிவு ஆபீசுக்குப் போய், காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மொட்டையாக எழுதியிருந்தால் ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்குப் பாத்தியதை உண்டு.

2019-ல் ஒரு கோடி பேர் வந்தபோது சர்க்கார் பஸ் விட்டது, பந்தல் போட்டது, வைத்திய முகாம் வைத்தது, ஆயிரக்கணக்கில் போலீஸை நிறுத்தியது. 48 நாளைக்கு அவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, வருஷம் 300 குழந்தைகளுக்கு வேண்டிய படுக்கையும் யந்திரமும் ஆளும் ஏற்பாடு செய்யத் தெரியாதா? தெரியும். கேட்பாரில்லாததால் செய்யவில்லை. தலையெழுத்து என்று நம்புகிறவன் எதையும் கேட்கமாட்டான். அதனால்தான் தலையெழுத்து என்ற சொல் இத்தனை பேருக்குச் சௌகரியமாயிருக்கிறது. நாம் கேட்போம்.